கோமுகியின் தலையைத் தேடிய ஞாயிறுகள்

மாமா,

இன்று மத்தியானம் பரண்மேல் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது உங்கள் காக்கிப் பை என் தலையில் விழுந்தது. ஜிப்பைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. காய்ந்த பாசி, கடலை மிட்டாய், கொஞ்சம் கிரீஸ். பைக்குள் ஒரு கைப்பிடி ஆற்று மணலும் நண்டின் உடைந்த கொடுக்கு ஒன்றும் கிடந்தன. நான் ஏணியிலேயே உட்கார்ந்துகொண்டு அதை முகர்ந்துகொண்டிருந்தேன். உங்கள் மகன் கீழே நின்று, "குடை கெடச்சிதா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் மழையே நின்றுவிட்டது.

வாழ்நாளெல்லாம் டிப்போவில் பஸ்களுக்கு அடியில் படுத்துக்கிடந்தவர் நீங்கள். ஓய்வு பெற்றதும் அங்கே போகலாம், இங்கே போகலாம் என்று அத்தையோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். அத்தை சட்டென்று போய்விட்டதும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். டிவி ஓடிக்கொண்டே இருக்கும். என்ன படம் ஓடுகிறது என்று கேட்டால் உங்களுக்குத் தெரியாது. உங்கள் மகன் அப்போது ஓசூரில் வேலை பார்த்தார், மாதத்துக்கு இரண்டு முறை வருவார். நான் ரைஸ் மில்லில் பில் போட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது தெருமுனையிலேயே சோப்பு விளம்பரம் கேட்கும். சரி, மாமா இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இருப்பது என்றால் அவ்வளவுதான் அப்போது.

உங்களோடு வேலை பார்த்த வெள்ளிமலைப் பக்கத்துக் கண்டக்டர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். போக வேண்டாம் என்றுதான் இருந்தீர்கள். நான் விடவில்லை. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி ஆற்றின் அணையை ஒட்டி மலை ஏறும்போது ஒரு வளைவில் எஞ்சின் சூடாகி வண்டி நின்றுவிட்டது. அதுவரை ஜன்னலோரம் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த நீங்கள் ஒரே எட்டில் கீழே இறங்கினீர்கள். டிரைவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு, பாலத்துக்கு அடியில் ஓடுகிற தண்ணீரை மொள்ளக் குனிந்தீர்கள். குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டபடி அப்படியே இருந்தீர்கள்.

"இது எங்கேருந்துப்பா வருது?" என்று அந்த வண்டியின் கண்டக்டரைக் கேட்டீர்கள்.

"மேலருந்து வருது பெரியவரே."

"மேலன்னா எங்க?"

"மேலன்னா மேலதான்."

மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு வந்த ஒரு அம்மா, தன் ஊர்க் கோயில் கிணற்றுக்கு அடியில்தான் இது கிளம்புகிறது என்றார். அதெல்லாம் இல்லை, கரடி படுக்கிற குகைக்குள்ளிருந்து வருகிறது என்றார் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர், இதற்குத் தலையே கிடையாது, மலை வேர்ப்பதுதான் தண்ணீர் என்று சொன்னார். பஸ்ஸே மூன்றாகப் பிரிந்து சண்டை போட்டது. எஞ்சின் ஆறி வண்டி கிளம்பியும் சண்டை ஓயவில்லை. நீங்கள் என் பக்கம் திரும்பி, "ஒரு பஸ்ஸு ஜனம் இருக்குது, ஒருத்தருக்கும் தெரியல பாத்தியாம்மா" என்று சிரித்தீர்கள். அத்தை போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தது என்று இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டீர்கள். "ஞாயித்துக்கெழம உனக்கு லீவுதான?"

அப்படித்தான் ஆரம்பித்தது. நீங்கள் சர்க்கரைக்காரர், தனியாக விட முடியாது. போதாததற்குச் சின்ன வயசில் கிணற்றில் விழுந்து பிழைத்தவர். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் உங்களுக்கு மூச்சே நின்றுவிடும். அப்படிப்பட்டவர் ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறேன் என்றால் யார்தான் கூடப் போகாமல் இருப்பார்கள்? அத்தையின் மூன்றடுக்கு டிபன் கேரியரில் இட்லியும் மிளகாய்ப் பொடியும் வைத்தேன். உங்கள் காக்கிப் பையில் கடலை மிட்டாயும் மாத்திரையும் போட்டேன்.

முதல் ஞாயிறு அணையோடு சரி. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் உட்கார்ந்து இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து, "பானெட்ட தொறந்து போட்ட மாதிரி நிக்குது பாரு" என்றீர்கள். உங்களுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் வண்டிதான். அடுத்தடுத்த வாரங்களில் அணைக்கு மேலே போகப் போக, ஆற்றையும் ஒரு வண்டியாகவே ஆக்கிவிட்டீர்கள். பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கித் தேங்கி இறங்குகிற இடத்துக்கு செகண்ட் கியர் என்று பேர். கரையெல்லாம் நீர்மத்தி மரங்கள், வெளுத்த தடித்த அடிமரத்தோடு வேர்களால் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற இடம் அது. இன்னும் மேலே, இரண்டு பக்கமும் மூங்கில் நெருக்க, தண்ணீர் ஒரே பாய்ச்சலாக விழுகிற மடுவுக்கு "பிரேக் பெயிலியர்" என்று பேர் வைத்தீர்கள். அந்தப் பேர்கள்தான் இன்றைக்கும் நம் வீட்டில் வழக்கு. வேறு பேர் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

ஒரு குட்டையோரம் நீங்கள் பயந்து பயந்து பாதத்தை மட்டும் தண்ணீரில் வைத்தீர்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் கூட்டமாக வந்து குதிகாலைக் கொத்தின. "இன்னாம்மா இது, கூசுது, கூசுது" என்று அறுபது தாண்டிய மனிதர் நெளிந்து நெளிந்து சிரித்தீர்கள். காலை எடுக்கவும் மனசில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அடியில் வேறு ஒரு மீன், பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு, மேலே அடிக்கிற தண்ணீருக்கு அசையாமல் கிடந்தது. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல கிரிப்பு. புது டயரு" என்று சான்றிதழ் கொடுத்தீர்கள்.

விசில் அடித்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? மூங்கில் நிழலில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். புதருக்குள்ளிருந்து ஒரு விசில். வேலையில்லாத ஒருவன் பாட்டு மெட்டை மறந்துபோய் மறுபடி மறுபடி ஆரம்பிப்பதுபோல, இழுத்து இழுத்து. நான் நின்றேன். மறுபடியும் விசில். உங்கள் முகம் சிவந்துவிட்டது.

"எவன்டா அவன்? பொம்பள போறது கண்ணு தெரியல? வெளிய வாடா."

விசில் நின்றது. ஒரு நிமிஷம் ஆற்றுச் சத்தம் மட்டும். பிறகு முன்னைவிட நீளமாக, முன்னைவிட அலட்சியமாக மறுபடியும் அடித்தது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குச்சியோடு புதருக்குள் பாய்ந்தீர்கள். கருநீலமாக, மைனாவைவிடப் பெரிதாக ஒரு பறவை உங்கள் காதோரமாகப் பறந்துபோய் எதிர்ப் பாறையில் உட்கார்ந்தது. வாலை விசிறிவிட்டு, நம் கண்ணெதிரே அதே விசிலை அடித்தது. நீங்கள் குச்சியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன், வயிறு வலித்தது சிரித்து. பிறகு போனில் தேடிப் பார்த்தால், சீகாரப் பூங்குருவி என்று போட்டிருந்தது. நீங்கள் கடைசிவரை அதை "அந்தப் பையன்" என்றுதான் சொன்னீர்கள்.

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. நம் மேல் நல்ல வெயில். ஆற்றின் நடுவே ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்திருந்தோம். ஒரு நண்டு உங்கள் இட்லித் துணுக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, நீங்கள் அதோடு பேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறமாக மாறியிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். சருகும் நுரையும் மிதந்து வந்தன. எனக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. யாரோ மேலே துணி துவைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கரைமேலிருந்து ஒரு பெண் கத்தினார். விறகு கட்ட வந்த மலைக்காரப் பெண், என் வயசுதான் இருக்கும்.

"மேல மழ கொட்டுது. தண்ணி வருது. எழுந்திரிங்க. பாத்திரத்த வுடுங்க, எழுந்திரிங்க."

நாம் எழுந்து நிற்பதற்குள் வந்த வழியில் கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நான் இறங்கிவிட்டேன். நீங்கள் இறங்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பாறைமேல் நின்றீர்கள். உங்கள் கண் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, என்னைப் பாருங்க."

"நீ போம்மா. நான் இங்கியே நிக்கறேன்."

"நின்னா போய்டுவீங்க மாமா."

"முடியலம்மா. காலு வரல."

என் வாழ்க்கையில் உங்களை ஒருமையில் அதட்டியது அன்றைக்கு மட்டும்தான். "எறங்கு" என்று கத்தினேன். ஏதோ குழந்தைபோல உடனே இறங்கினீர்கள். அந்தப் பெண் விறகு கட்டும் கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி மறுமுனையை எறிந்தார். நான் ஒரு கையில் கயிற்றையும் ஒரு கையில் உங்கள் கையையும் பிடித்தேன். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது நீங்கள் வழுக்கினீர்கள். செருப்பு போனது. உங்கள் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. அந்தப் பெண் பாதி வழி இறங்கி வந்து உங்கள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். திரும்பிப் பார்த்தால் நாம் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம்.

உங்கள் உடம்பு நடுங்கியது. பேச்சு குழறியது. பையில் நனைந்து கிடந்த கடலை மிட்டாயை உடைத்து உங்கள் வாயில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. தெளிந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "கேரியரு?"

போயிருந்தது. மூடியில் அத்தை பேர் வெட்டிய கேரியர், கல்யாணத்துக்கு அவர் பிறந்த வீட்டில் கொடுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் வெள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெல்லச் சொன்னீர்கள்.

"பொழுதெல்லாம் அடுப்பங்கரையிலியே கெடந்தா. எங்கியும் கூட்டினு போவல நான். வுடு. கடல பாத்துட்டு வரட்டும்."

அந்தப் பெண்தான் நம்மைப் பஸ் ரோடு வரை கொண்டுவந்து விட்டார். வழியில், எதற்காக ஆற்றுக்குள் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னீர்கள். அவர் சாதாரணமாகத் தலையை ஆட்டிவிட்டு, "எங்க அம்மா வூட்டு நெலத்துலதான் பொறக்குது. அண்ணன்கிட்ட சொல்லி வெக்கறேன், வாங்க" என்றார். அரைச் சாவு செத்து எழுந்த அந்த நிலையிலும் உங்கள் கண்ணில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் வீட்டில் வெடித்தது. உங்கள் மகன் ஓசூரிலிருந்து போனில் என்னைப் பிடிபிடி என்று பிடித்தார். நாத்தனார் தியாகதுருகத்திலிருந்து பேசினாள். "மாமனாரும் மருமகளும் காட்டுல சுத்தறது நல்லாவா இருக்குது? நாலு பேரு இன்னா பேசுவாங்க?" நீங்கள் போனை வாங்கி, இனிமேல் போகவில்லை என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். டிவி ஓட ஆரம்பித்தது.

நான் பொறுத்துப் பார்த்தேன். மழைக்காலம் முழுக்கப் பொறுத்தேன். தை பிறந்தது. ஒரு சனிக்கிழமை மில்லிலிருந்து வரும்போது தெருமுனையில் அதே சோப்பு விளம்பரம். ஓசூருக்குப் போன் போட்டேன்.

"உங்க அப்பாவ ஆத்துல வுட்டுடுவேன்னு பயந்தீங்க. இங்க நாற்காலியிலியே போய்க்கினு இருக்கறாரு. பயமா இருந்தா நீங்களும் வாங்க. நாளைக்குப் போறோம்."

உங்கள் மகன் விடிவதற்குள் வந்து சேர்ந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். அப்பனும் பிள்ளையும் வெள்ளிமலை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கழுத்து வலித்தது.

மலைமேல் ஏறியதும் ஆறு வேறு ஆளாகிவிட்டிருந்தது. கீழே அவ்வளவு ஆட்டம் ஆடிய கோமுகி, மேலே மரவள்ளித் தோட்டத்துக்கும் அறுத்த சாமைக் கொல்லைக்கும் நடுவே சோம்பலாக வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. தாண்டிக் குதித்துவிடலாம். தட்டான்கள் பறந்தன. கரைச் சேற்றில் ஏதோ ஒரு மிருகத்தின் கால் தடம், பக்கத்தில் பழக் கொட்டைகள் நிறைந்த சாணம். நம்மைக் கூட்டிப்போன, அந்த விறகுக்காரப் பெண்ணின் அண்ணன், "கரடி. விடியக்கால்ல தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்குது" என்று அக்கம்பக்கத்து ஆளைச் சொல்வதுபோலச் சொன்னார். உங்கள் மகன் அதன்பிறகு நடுவில்தான் நடந்தார். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நியூட்ரல்ல போவுதுடா" என்று ஆற்றைக் காட்டிச் சொன்னீர்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மெக்கானிக் பிள்ளைதானே.

கடைசியில் ஒரு மேட்டு நிலத்தின் ஓரம், நாவல் மரத்துக்குக் கீழே, பாறை இடுக்கில் ஒரு ஈரம். அவ்வளவுதான். பாசி படிந்த கல்லிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, ஒரு சோற்றுத் தட்டு அளவுக் குழியில் தேங்கியிருந்தது. குழிக்குள் நகம் அளவு தவளை ஒன்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுதானா?" என்றீர்கள்.

"இப்ப இதுதாங்க" என்றார் அவர். "சித்திரையில வந்தீங்கன்னா இது காஞ்சி கெடக்கும். அப்ப அதோ, கீழ தெரியுதே, அந்த மரத்தாண்ட பொறக்கும். மழ ஜாஸ்தியானா இன்னும் மேல ஏறிடும்."

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை ஞாயிறு அலைந்து, உயிர் போய் வந்து, தேடிப் பிடித்த இடம் நகர்கிற இடமாக இருக்கிறதே, மனுஷன் நொந்துவிடுவாரோ என்று. நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அந்தக் கல்லுக்கு அடியில் நீட்டினீர்கள். கை நிறையக் கொஞ்ச நேரம் ஆனது. நிறைந்ததும் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அப்படியே மகனிடம் நீட்டினீர்கள். அவர் அப்பாவின் கையிலிருந்தே குனிந்து குடித்தார். சின்னப் பிள்ளையில்கூட அப்படிக் குடித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

"அப்ப பஸ்ஸுல எல்லாரும் சொன்னது சரிதாம்மா" என்று என்னிடம் சொன்னீர்கள். பிறகு எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இங்க டீக்கடை எங்க இருக்குது?" என்று கேட்டீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைத்த காலத்தில் எத்தனை முறை மலைக்குப் போனோம் என்று நான் எண்ணவில்லை. போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி, பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டாக்டர் கஷ்டம் தெரிந்திருக்காது என்றார். நாத்தனார் வந்து அழுது முடித்துவிட்டு, உங்கள் கால் பெருவிரலில் இருந்த பழைய நண்டுக் கடித் தழும்பைக் காட்டி, இது என்ன என்று என்னைக் கேட்டாள். இட்லிக்காக நண்டோடு பேரம் பேசி வாங்கிய கடி என்று சொன்னேன். அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள். வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கோபித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

உங்கள் மகன் ஓசூரை விட்டுவிட்டு இங்கேயே ஒரு லேத் பட்டறை போட்டுவிட்டார். இந்த வருஷம் மழை தொடங்கியபோது, சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் தானாகவே சொன்னார்: "மேல எல்லாம் பாத்தோம். கீழ எங்க போவுதுன்னு பாக்கவே இல்லியே." கேட்காமலே அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

போன ஞாயிறு அணைக்குக் கீழே இறங்கி நடந்தோம். மலையில் பார்த்த ஆறா இது என்று இருந்தது. மணலும் சீமைக்கருவேலமும், இரண்டு பக்கமும் கரும்பு. ஒரு தடுப்பணையில் ஜனம் கூடி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தோம். மீன் ஏறிக்கொண்டிருந்தது மாமா. புதுத் தண்ணீர் தடுப்பணைமேல் வழிய, கீழே ஏரியிலிருந்து வந்த கெண்டையும் கெளுத்தியும் அதை எதிர்த்துத் துள்ளித் துள்ளி மேலே ஏறின. வெயிலில் வெள்ளித் தகடு தூக்கிப் போட்டதுபோல. பாதி கீழே விழுந்தன. விழுந்தவை மறுபடி துள்ளின. ஆட்கள் கூடையை ஏந்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் மகன் பேன்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். அவரும் கூடை கேட்பார் என்று நினைத்தேன். கல் இடுக்கில் சிக்கித் துடித்துக்கொண்டிருந்த ஒன்றை இரண்டு கையாலும் அள்ளி, தடுப்பணைக்கு மேல்புறம் விட்டார். "போ" என்றார். கூடைக்காரர்கள் அவரைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். என் கையில் ஒரு கெளுத்தி முள்ளால் குத்திவிட்டுத்தான் மேலே போனது. இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கிறது, அந்த விரலோடுதான் இதை எழுதுகிறேன்.

இதை நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் பார்க்காத ஒன்றை நான் உங்களுக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது மற்ற ஆறு நாளின் வேலையும் சேர்ந்து வருகிற நாள். அது லீவு என்று முதன்முதலில் என்னிடம் சொன்னவர் நீங்கள். நீங்கள் போன பிறகும் அந்த நாள் என்னிடமே இருக்கிறது, யாரும் திரும்பக் கேட்கவில்லை, கேட்டாலும் கொடுக்கிற எண்ணம் இல்லை.

நாளைக்கு ஞாயிறு. கொல்லையில் துவைக்காத துணி மலையாகக் கிடக்கிறது. கிடக்கட்டும்.